டர்பனில் குழந்தை, குடும்பநலப் பட்டம் படிக்க: புதிதாக வந்த தமிழர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யும் தொழிலுக்குப் படிக்க ஆசைப்படுகிறீர்களா? படிப்பு அவ்வளவு கஷ்டமில்லை. அதற்குள் நுழைவதுதான் கஷ்டம். ஒரு காகிதம் கையில் வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். ஒவ்வொரு கவுன்டரிலும் பாதி உண்மைதான் சொல்வார்கள். மீதிப் பாதி அடுத்த கவுன்டரில் இருக்கும். நான் அதில் அலைந்தவள். எதை முதலில் செய்வது, எதை வேண்டுமென்றே தள்ளிப்போடுவது என்ற வரிசையை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று பலமுறை நினைத்ததுண்டு. அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து குவாசூலு-நட்டால் மாகாணத்தில் குடியேறியவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் பக்கம் இருப்பவர்களுக்கு விண்ணப்பிக்கும் வழி மட்டும் மாறும். மற்றது பெரும்பாலும் இதேதான்.

1. எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள்

"குழந்தை, குடும்பநலம்" என்ற பெயரிலேயே பட்டம் இருக்கும் என்று தேடாதீர்கள். இந்த வேலைக்கு இங்கே மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒன்றில் நுழைந்துவிட்டு மற்றொன்றுக்குத் தாவுவது சுலபமில்லை.

முதலாவது சமூகப்பணி இளநிலை, அதாவது பி.எஸ்.டபிள்யூ. நான்கு ஆண்டுகள், 480 கிரெடிட், தேசியத் தகுதி வரிசையில் 8-ஆம் நிலை. வளர்ப்புக் குடும்பத்தில் குழந்தையைச் சேர்ப்பது, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது, குடும்பம் சிதையாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இந்தப் பட்டக்காரர்களின் கையில்தான். டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின், அதாவது யு.கே.இசட்.என்-இன், ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இது இருக்கிறது. சூலுலாண்ட், விட்ஸ், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, கேப் டவுன், வெஸ்டர்ன் கேப், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகங்களிலும், தொலைதூரக் கல்விக்கு யூனிசாவிலும் உண்டு.

இரண்டாவது சைல்ட் அண்ட் யூத் கேர். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது டி.யூ.டி-யில், இதற்கு நான்காண்டுப் பட்டம் இருக்கிறது. குழந்தைகள் இல்லத்தில், விடுதியில், தெருவோரத்தில் அன்றாடம் பிள்ளைகளோடேயே இருந்து செய்கிற வேலை இது. அறிக்கை எழுதும் நேரத்தைவிட பிள்ளைகளோடு இருக்கும் நேரம் அதிகமாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்பேன். நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஒரு பட்டம் இருப்பதே தெரியாது.

மூன்றாவது ஆசிரியர் பக்கம். பிறப்பு முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கான முன்பருவக் கல்வி பி.எட்., அல்லது கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கான ஃபவுண்டேஷன் ஃபேஸ் பி.எட். முன்பருவப் பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டது. அதற்கு முன்பு எழுதிய பழைய கையேடுகளை நம்பாதீர்கள்.

முதல் இரண்டு தொழிலுக்கும் எஸ்.ஏ.சி.எஸ்.எஸ்.பி என்ற சமூகசேவைத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவு கட்டாயம். ஆசிரியர்களுக்குத் தனிக் கவுன்சில், எஸ்.ஏ.சி.இ. நீங்கள் பார்க்கும் படிப்பு இந்தக் கவுன்சில்களில் பதிவு பெறத் தகுதியுள்ளதா என்பதுதான் எந்தக் கல்லூரியிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "கவுன்சலிங் டிப்ளமா", "சைல்ட் சைக்காலஜி சர்ட்டிஃபிகேட்" என்று தனியார் கல்லூரிகள் வண்ண வண்ணமாக விளம்பரம் போடும். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பு தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்காவின் பட்டியலில் இருக்கிறதா, கல்லூரி உயர்கல்வித் துறையில் பதிவானதா என்று நீங்களே பாருங்கள். "ஆக்சிலரி" என்ற சொல் பெயரில் இருந்தால் அது உதவியாளர் நிலைப் பதிவுக்கான படிப்பு. கெட்ட படிப்பில்லை, ஆனால் பட்டமும் அல்ல.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூன்றாண்டு பி.ஏ. சைக்காலஜி முடித்தால் பிள்ளை சைக்காலஜிஸ்ட் ஆகிவிடும் என்று டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. அதற்கு முதுநிலைப் பட்டமும் வேறொரு கவுன்சிலில் பதிவும் வேண்டும். முதுநிலை இடங்களும் மிகக் குறைவு. நான்காண்டில் பட்டமும் தொழில் பதிவுக்கான தகுதியும் வேண்டுமென்றால் பி.எஸ்.டபிள்யூ போன்ற மேலே சொன்ன படிப்புகளைப் பாருங்கள்.

2. உங்கள் வசிப்பு நிலை என்ன?

இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவை. குடியுரிமையா, நிரந்தர வசிப்புரிமையா, தற்காலிக விசாவா?

குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும் அரசின் கல்வி உதவித் திட்டமான நிஸ்ஃபாஸுக்கு விண்ணப்பிக்கலாம். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. இன்னொரு விஷயத்தைச் சேர்க்கைப் பிரிவில் யாரும் சொல்ல மாட்டார்கள். அரசுப் பணியில் நிரந்தர நியமனம் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் மட்டுமே. சமூகப் பணியாளர்களை அதிகமாக வேலைக்கு வைப்பதோ அரசு. நான்காண்டு படித்து முடிக்கும்போது உங்கள் குடும்பம் எந்த நிலையில் இருக்கும் என்று இன்றே உட்கார்ந்து பேசிவிடுங்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால், பல்கலைக்கழக விண்ணப்பத்தைவிட அதுதான் முதல் வேலை.

3. பெயரைச் சரிசெய்யுங்கள்

இதற்குத் தனித் தலைப்பு எதற்கு என்று தோன்றலாம். தமிழர்களுக்கு இங்கே அதிகம் இழுபறி வருவது பெயரில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் "கவிதா ஆர்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த "ஆர்" விரிந்து "ராமசாமி" ஆகி, குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் அங்கே கணவர் பெயர் வந்திருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். இங்குள்ள கணினிக்குக் குடும்பப் பெயர் இல்லாத மனிதரே கிடையாது. கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் அடுத்த பக்கத்துக்கே நகராது. இலங்கைக்காரர்களுக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், தாத்தா பெயர் எல்லாம் சேர்த்து முழ நீளத்துக்கு இருக்கும். உயர்தரச் சான்றிதழிலோ முதலெழுத்துகள் மட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, எல்லா விண்ணப்பங்களிலும் எழுதுங்கள். சான்றிதழிலுள்ள பெயர் வேறுபட்டால், இரண்டும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஓர் அஃபிடவிட் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் சத்தியம் செய்து முத்திரை வாங்கலாம், காசு கிடையாது. சில அலுவலகங்கள் அதற்கு மேலும் உங்கள் நாட்டுத் தூதரகத்தின் கடிதம் கேட்கும். இந்தியர்களுக்கு டர்பனிலேயே துணைத் தூதரகம் இருப்பது பெரிய வசதி. இலங்கையர்கள் பிரிட்டோரியாவிலுள்ள உயர் ஸ்தானிகராலயத்தைத்தான் அணுக வேண்டும்; அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள். கல்யாணத்தால் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழும் தேவை. இந்தியாவில் பெற்ற சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வைத்துக்கொள்ளலாம். இரு நாடுகளும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டு வருவது உத்தமம். இங்கிருந்து அண்ணனையோ மச்சானையோ சென்னைக்கு அனுப்பி வாங்குவது நாள்கணக்காக இழுக்கும்.

ஒரு சிறு விண்ணப்பம்: பெயர் விஷயத்தில் கவுன்டரில் இருப்பவரோடு சண்டை போடாதீர்கள். அஃபிடவிட்டின் மூலப்பிரதிகள் இரண்டு மூன்று கைவசம் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே நீட்டிவிடுங்கள்.

4. பள்ளிச் சான்றிதழுக்கு அங்கீகாரம் வாங்குங்கள்

இங்கே பள்ளி முடித்த பிள்ளைகள் இந்தப் படியை ஓரளவு தாண்டிவிடலாம். மெட்ரிக்கில் (இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு) "பேச்சலர் பாஸ்" வேண்டும், அதாவது நான்கு முக்கியப் பாடங்களில் குறைந்தது 50 விழுக்காடு. அதற்கு மேல் ஏ.பி.எஸ் என்னும் புள்ளிக் கணக்கு இருக்கிறது. ஒரு பாடத்தில் 80-க்கு மேல் என்றால் 7 புள்ளி, 70-களில் 6, 60-களில் 5, 50-களில் 4. ஆறு பாடங்களைக் கூட்டுவார்கள். லைஃப் ஓரியன்டேஷன் பாடத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை புள்ளி கேட்கிறது என்பதை அந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள். கேட்கும் புள்ளியைச் சரியாக எட்டினாலே இடம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இடங்கள் குறைவு, வரிசை நீளம்.

ப்ளஸ் டூவோ உயர்தரமோ வெளிநாட்டில் முடித்தவர்கள் இரண்டு வேறு அமைப்புகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

ஒன்று, யூனிவர்சிட்டீஸ் சவுத் ஆஃப்ரிக்கா அமைப்பின் மெட்ரிகுலேஷன் போர்டு. உங்கள் பள்ளிப் படிப்பு இங்கே பட்டப்படிப்பில் சேரப் போதுமானது என்று "எக்சம்ப்ஷன்" சான்றிதழ் தருவது இதுதான். அவர்களுடைய தளத்தில் நாடுவாரியாக என்னென்ன பாடம், என்ன மதிப்பெண் தேவை என்ற பட்டியல் உண்டு. கட்டணம் கட்டி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

மற்றொன்று சாக்கா, தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையம். உங்கள் சான்றிதழ் இந்நாட்டின் எந்த நிலைக்குச் சமம் என்று மதிப்பிடுவது அதன் வேலை. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களிடம் பல்கலைக்கழகம் இதைத்தான் கேட்கும்.

பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் விஷயத்தில் இரண்டில் எது வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது. "எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையே" என்று அடுத்த மாதம் அதே அலுவலகம் சொல்லும்.

தாமதமாவது சரிபார்ப்பில்தான். சான்றிதழ் உண்மையானதா என்று தந்த இடத்திலேயே கேட்பார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம் என்றால் சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து பதில் வர வேண்டும். ஊரில் யாரையாவது நேரில் போய்க் கேட்கச் சொல்வது உதவும். இலங்கைச் சான்றிதழை ஆங்கிலத்திலேயே பரீட்சைத் திணைக்களத்திடம் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால் இங்கே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டிவரும்.

ஊரில் பி.எஸ்.டபிள்யூ அல்லது எம்.எஸ்.டபிள்யூ முடித்துவிட்டு வந்தவர்கள் மறுபடியும் முதலாண்டில் சேர அவசரப்பட வேண்டாம். கவுன்சிலிடம் உங்கள் பட்டத்தை மதிப்பிடச் சொல்லி முதலில் விண்ணப்பியுங்கள். இங்குள்ள பட்டம் நான்காண்டு என்பதால் மூன்றாண்டு இளநிலை மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வரலாம். இருந்தாலும் பாடவாரியான விவரங்களையும் களப்பணி மணிநேரச் சான்றையும் கல்லூரியிலிருந்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

5. விண்ணப்பம்: செப்டம்பர் 30

கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். ஜூன் மாதக் கணக்கை மறந்துவிடுங்கள்.

குவாசூலு-நட்டாலில் யு.கே.இசட்.என், டி.யூ.டி, சூலுலாண்ட் மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க முடியாது. சி.ஏ.ஓ என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான். ஒரே விண்ணப்பத்தில் ஆறு விருப்பங்கள் வரை கொடுக்கலாம். உரிய காலத்தில் கட்டினால் சில நூறு ராண்ட்தான். செப்டம்பர் 30 தாண்டினால் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், நல்ல படிப்புகளும் மூடிவிடும். ஆறு விருப்பங்களில் முதலில் பி.எஸ்.டபிள்யூ, இரண்டாவது டி.யூ.டி-யின் சைல்ட் அண்ட் யூத் கேர் என்று போடுவது என் யோசனை. முதல் விருப்பத்துக்குத்தான் கவனம் அதிகம். ஆசைக்காக மருத்துவத்தை முதலில் போட்டுவிட்டு இதை ஆறாவதாகப் போட்டால் இதுவும் கிடைக்காமல் போகலாம்.

யூனிசா தனி வழி. அதன் விண்ணப்பச் சாளரம் ஆண்டின் பிற்பாதியில் திறந்து மூடும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். "தொலைதூரக் கல்விதானே, வீட்டிலிருந்தே முடிக்கலாம்" என்று பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்கள் பலர் யூனிசாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாடங்களை வீட்டிலிருந்து படிக்கலாம்தான். களப்பணிக்கு வார நாட்களில் ஒரு நிறுவனத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சமூகப்பணிக்கு யூனிசாவில் இடங்களும் அளவோடுதான்.

விண்ணப்பத்தோடு போகும் நகல்கள் எல்லாவற்றுக்கும் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது சான்றளிக்கும் அதிகாரம் உள்ளவர், கையெழுத்து வேண்டும். காவல் நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். சான்றளித்த நகல் மூன்று மாதத்துக்குள், சில இடங்களில் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆகவே மொத்தமாக ஐம்பது நகல் எடுத்து அலமாரியில் அடுக்குவதில் பயனில்லை.

6. பணம்

நேரடி வகுப்புள்ள பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு நாற்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ராண்ட் வரை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யூனிசாவில் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டுவதால் அதில் பாதிகூட வராது. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி லெவி, அதாவது கூடுதல் கட்டணம், உண்டு. பல இடங்களில் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் பதிவு செய்யும்போதே கேட்பார்கள். உள்ளூர் மாணவர்களைப் போலத் தவணை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

நிஸ்ஃபாஸ் தகுதி: குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள், மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் 6,00,000 வரை. முதல் இளநிலைப் பட்டத்துக்கு மட்டும்தான். நான்காண்டுப் படிப்புக்குப் பொதுவாக ஓராண்டு கூடுதல் வரைதான் தாங்கும். சி.ஏ.ஓ-வில் விண்ணப்பித்ததாலேயே நிஸ்ஃபாஸுக்கும் விண்ணப்பித்தது ஆகாது. அது தனித் தளம், தனிக் கடைசித் தேதி.

சமூகப்பணி படிப்பவர்களுக்குச் சமூக மேம்பாட்டுத் துறை முன்பு பெரிய அளவில் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. உறவுக்காரர் யாராவது "கவர்ன்மென்ட் காசிலேயே படிச்சாளே அவ" என்று சொன்னால் அந்தக் காலத்துக் கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கணக்கில் யாரும் சேர்க்காத செலவு களப்பணிக்கான போக்குவரத்து. டர்பனைச் சுற்றியுள்ள உம்லாசிக்கோ குவாமாஷுவுக்கோ இனாண்டாவுக்கோ மினிபஸ் டாக்ஸி மாறி மாறிப் போக வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து இது மாதாமாதம் கையைக் கடிக்கும்.

7. விசா

குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும் இதைத் தாண்டிப் போகலாம்.

சுற்றுலா விசாவில் வந்து, இங்கேயே அதைப் படிப்பு விசாவாக மாற்றிக்கொள்ள முடியாது. ஏஜென்ட் யாராவது "மாத்திடலாம் தம்பி" என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு விலக்கு உண்டு: வேலை விசாவிலோ தொழில் (பிசினஸ்) விசாவிலோ இருப்பவரின் கூட வந்த மனைவி, கணவன், பிள்ளை இங்கிருந்தே படிப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. கணவர் வேலை விசாவில் இருந்து நீங்கள் துணைவியாக வந்திருந்தால் இந்த வழி உங்களுக்குத்தான். துணைவி விசாவை வைத்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பதிவு நாளன்று விசாவின் மேலிருக்கும் வரியைப் படித்துப் பார்ப்பார்கள்.

விண்ணப்பம், விசா மனுக்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையம் வழியாக. நாட்டுக்குள் விண்ணப்பித்தால் உள்துறைக்கு 1,520 ராண்ட், வி.எஃப்.எஸ் சேவைக்கு 1,550 ராண்ட். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. தேவையானவை: பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், பணவசதிச் சான்று, மருத்துவ அறிக்கை, ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளின் காவல்துறைச் சான்று, இந்நாட்டில் பதிவான மெடிக்கல் ஸ்கீமில் காப்பீடு. வளைகுடாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர்கள் அந்த நாட்டுச் சான்றையும் வாங்க வேண்டிவரலாம். அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். மருத்துவ அறிக்கைக்கும் காவல்துறைச் சான்றுக்கும் ஆறு மாதம்தான் ஆயுள். அனுமதிக் கடிதம் வருவதற்கு வெகு முன்பே மருத்துவ அறிக்கையை எடுத்துவைத்தால் அதை மறுபடி எடுக்க வேண்டிவரும்.

காப்பீடு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஊரில் எடுத்த பயணக் காப்பீடு செல்லாது. மாணவர்களுக்கென்றே உள்ள குறைந்த திட்டங்களும் மாதம் ஐந்நூறு ராண்டைத் தாண்டும். ஆண்டு முழுவதுக்கும் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் பல பல்கலைக்கழகங்கள் பதிவு செய்யும்.

புதுப்பிக்கும்போது, விசா முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். முடிவு வர மாதங்கள் ஆகலாம், அதனால் வி.எஃப்.எஸ் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். படிப்பு விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம்.

8. முதல் ஆண்டு

பதிவு வாரமும் தைப்பூசக் காவடியும் சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முருகன் காத்திருப்பான், பதிவுப் பிரிவு காத்திருக்காது.

யு.கே.இசட்.என்-இல் சூலு தெரியாத இளநிலை மாணவர்கள் எல்லாரும் ஒரு சூலு மொழிப் பாடம் படிக்க வேண்டும். 2014 முதல் இந்த விதி. இதைச் சுமையாக நினைக்காதீர்கள். களத்தில் நீங்கள் சந்திக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை வீட்டில் சூலு பேசுபவை. "சவுபோனா, கோகோ" என்று ஒரு பாட்டியைக் கும்பிட்டுப் பேச்சைத் தொடங்கினால் அதற்குப் பிறகு உங்கள் ஆங்கிலத்தையும் பொறுத்துக்கொள்வார்கள். பாடத்தைத் தாண்டியும் பழகுங்கள்.

இந்த ஆண்டிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சமூகப் பணியாளர் வேலை விளம்பரங்களில் டிரைவிங் லைசென்ஸ் என்ற நிபந்தனை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும். லர்னர்ஸ் 17 வயதிலிருந்து எடுக்கலாம். அது 24 மாதம் செல்லும். அதற்குள் கே53 என்னும் ஓட்டுநர் தேர்வை முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மதிப்பெண் நிறைய வைத்துக்கொண்டு லைசென்ஸ் இல்லாததால் நேர்காணலுக்கே கூப்பிடப்படாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

9. களப்பணிக்கு முன் வேண்டிய சான்றுகள்

இரண்டாம் ஆண்டிலிருந்து மாணவ சமூகப் பணியாளராகக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் உண்டு. பதிவு எண் இல்லாமல் களத்தில் இறக்க மாட்டார்கள்.

குழந்தைகளோடு வேலை என்பதால் இதற்கு மேலும் மூன்று காகிதங்கள். முதலாவது படிவம் 30. 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின்படி, குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பதற்கான விசாரணை இது. பிரிட்டோரியாவிலுள்ள சமூக மேம்பாட்டுத் துறைக்குப் போகும். கட்டணமில்லை, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படிவம் 29 என்பது வேலை கொடுப்பவர் நிரப்புவது. இரண்டையும் மாற்றி அனுப்பினால் பதிலே வராது. இரண்டாவது, பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேட்டுச் சான்று. இது நீதித்துறையிடம், வேறு படிவம். மூன்றாவது, காவல்துறைச் சான்று. காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்தால் பிரிட்டோரியாவுக்கு அனுப்புவார்கள். செலவு சுமார் 200 ராண்ட். மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று படிவத்தைக் கொடுக்கும் முன் இன்னொரு முறை படியுங்கள். முதலாண்டு நவம்பர்த் தேர்வு முடிந்த கையோடு மூன்றையும் அனுப்பிவிட்டால் பிப்ரவரிக்குள் கையில் இருக்கும்.

எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும், ஆனாலும் விருப்பம் கேட்பார்கள். குழந்தை பாதுகாப்பைக் கற்க சைல்ட் வெல்ஃபேர் கிளைகள், கணவன் மனைவி பிரச்சினை, குடும்ப ஆலோசனைக்கு ஃபாம்சா, தொலைபேசி வழி உதவி எப்படி நடக்கிறது என்று பார்க்க 116 என்ற இலவச எண்ணில் இயங்கும் சைல்ட்லைன். 1921-இல் தொடங்கி, இப்போது சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஆர்யன் பெனவலன்ட் ஹோம் என்ற காப்பகமும் உண்டு. நம் ஆட்கள் நடமாடும் இடத்தில்தான் செய்வேன் என்று அடம்பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. வெளியே ஓராண்டு, நம் பகுதியில் ஓராண்டு என்று இருந்தால் நல்லது.

நம் பகுதியில் வேலை செய்யும்போது வரும் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். "வெல்ஃபேர் வந்துட்டா, பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவா" என்ற பயம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. உங்களைத் தெரிந்த ஆண்ட்டி ஒருவர் கோயிலில் பார்த்து, "அந்த வீட்ல என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்பார். ஒரு சொல்கூடச் சொல்லக்கூடாது. அதேபோல, ஒரு குழந்தை அடிபடுவதாகவோ வேண்டுமென்றே பட்டினி போடப்படுவதாகவோ நியாயமான சந்தேகம் வந்தால், "குடும்ப விஷயம், பெரியவங்க பேசித் தீர்த்துக்கட்டும்" என்று விடவும் கூடாது. சட்டப்படி சமூகப் பணியாளர் படிவம் 22 நிரப்பிப் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மாணவராக இருக்கும்போது உங்கள் மேற்பார்வையாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வாராவாரம் மேற்பார்வைச் சந்திப்பு இருக்கும். நடந்த உரையாடலை அப்படியே எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். வீடு வந்து சோறு வைத்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதலாம் என்று தள்ளினால் பாதி மறந்துபோகும். டாக்ஸி ரேங்கில் நிற்கும்போதே குறிப்பெழுதிக்கொள்ளுங்கள், குடும்பத்தின் பெயரை மட்டும் எழுதாமல்.

10. முடித்த பிறகு

பட்டம் பெற்றும் வேலையில்லாமல் காத்திருக்கும் சமூகப் பணியாளர்கள் இந்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலைக்குத் தேவை இல்லாமல் இல்லை. துறையிடம் நியமிக்கப் பணமில்லை. அரசு ஒன்றையே நம்பாமல் தொண்டு நிறுவனங்களுக்கும் விண்ணப்பியுங்கள். சம்பளம் அரசைவிடக் குறைவுதான், ஆனால் குழந்தைகள் நீதிமன்ற அனுபவம் அங்கேதான் சீக்கிரம் கிடைக்கும். நான்காம் ஆண்டுக் களப்பணி செய்த இடத்திலேயே காலியிடம் வருமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாணவப் பதிவு தானாக முழுப் பதிவாக மாறிவிடாது. படிப்பு முடித்ததற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கி, பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திராமல் டிசம்பர், ஜனவரியிலேயே கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். பதிவு எண் இல்லாமல் "சமூகப் பணியாளர்" என்று அட்டையில் போட்டுக்கொள்வதுகூடச் சட்டப்படி தவறு. அதற்குப் பிறகு ஆண்டுக் கட்டணம் வரும், வேலை கிடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். கட்டத் தவறினால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். திரும்பச் சேர்க்கத் தனிப் படிவம், தனிக் கட்டணம். முதல் சம்பளம் வரும்வரை அந்தத் தொகையை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.